சிவப்புக் குழாய்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, வாட்ஸப்பில் வந்தது. குளச்சலிலிருந்து ஞானசிங் அண்ணன் அனுப்பியிருந்தார்: "மக்கா, நம்ம பிள்ளையப் பத்தி ஒரு கதை எழுதுடே. நான் வாசிக்கணும்."

பிள்ளை என்பது ஓர் ஆக்சலாட்டல். பல்லி உருவில், நீரைவிட்டு வெளியேறாத சிறு சாலமாண்டர். தோஹாவில், நஜ்மாவில், எங்கள் அறையில் இரண்டு வருடம் இருந்தது. ஊரைக் காலிசெய்த ஒரு வில்லாக் குடும்பம், ஏ.சி. பழுதுபார்க்கப் போன அண்ணனிடம் தொட்டியோடு கொடுத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: 'மெக்சிகோவின் மேட்டுநிலத்து ஏரியில், குளிர்ந்த கால்வாய்களின் சேற்றில்...'

(நிறுத்திவிட்டேன். அந்த ஏரியை நான் பார்த்ததில்லை. பெரும்பகுதியை வற்றவைத்து நகரமாக்கிவிட்டார்களாம். பிள்ளையும் பார்த்திருக்காது, தொட்டியில் பிறந்த வம்சம்.)

இரண்டாம் தொடக்கம்: 'ஆயுள் முழுக்கக் குழந்தை உருவிலேயே...' அதுவும் வேண்டாம். எனக்கு நினைவிருப்பது, டூட்டி முடிந்து வந்த அண்ணன் கால்கூடக் கழுவாமல் தொட்டிமுன் குந்தி அதோடு பேசியதுதான். நீர் குளிர்ந்திருக்கப் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை மேலே மாட்டியிருந்தார். கழுத்தோரச் செவுள்கள் அசைய, சிரித்த முகத்தோடு அது கேட்டுக்கொண்டிருக்கும். அந்த அறைக்காக மனம் இன்றும் ஏங்குகிறது.

3

வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். அதனால் கீசரை அணைத்துவிட்டு, அதற்குள் கிடந்து ஆறிய தண்ணீரை, வெந்நீருக்கான சிவப்புக் குழாயில் பிடிப்போம். ஆறு மாதத்தில் கை பழகிவிடும்.

நவம்பரில் அண்ணன் லீவில் போனார். குளிர் தொடங்குகிறதென்று அறைத்தோழன் சாகிர் கீசரைப் போட்டிருந்தான். தண்ணீர் மாற்றப் போன நான் பழக்கதோஷத்தில் ஹோஸ் பைப்பைச் சிவப்புக் குழாயில் மாட்டி, பிள்ளையின் தொட்டிக்குள் விட்டுவிட்டு, போன் பேசப் போய்...

(இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டேன். முடிக்கப்போவதில்லை.)

4

முடிவு அ: பிள்ளை பிழைக்கிறது. அறுந்த காலையே வளர்த்துக்கொள்ளும் இனமாயிற்றே.

முடிவு ஆ: அன்றே அண்ணனை அழைத்து நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டும் நடக்கவில்லை. அழைத்தேன். "ஃபேன் நின்னுபோச்சுண்ணே," என்றேன்.

"நான் மாட்டுன ஃபேன்தானே. தப்பு எனக்கதுதான் மக்கா," என்றார். திரும்பி வந்தவர் வேறெந்த உயிரையும் வளர்க்கவில்லை.

5

வாசகரே, முடிவை உங்கள் தலையில் கட்டிவிட்டு நழுவத்தான் இருந்தேன். ஆனால் உங்களுக்கு முன்பே வாசிக்கப்போகிறவர் ஒருவர் இருக்கிறார்.

ஞானசிங் அண்ணே, இதுவரை வந்துவிட்டீர்களா? ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த வரி உங்களுடையது.