கோப்பியின் விரதம்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில், கையில் சூப் அகப்பையோடு ஒரு கறுப்பு நாயின் பின்னால் குனிந்தபடி நடக்கும் பெண்ணைக் கிள்ளானில் யாராவது பார்த்திருந்தால், அது நான்தான். பெயர் லோகேஸ்வரி. வயது ஐம்பத்தாறு. மேருவில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறேன். நாய் உட்காரும் நேரம் பார்த்து அகப்பையை அடியில் நீட்ட வேண்டும். முந்தினால் எழுந்து போய்விடுவாள். பிந்தினால் புல்லுக்குத்தான் லாபம். எதிர்வீட்டு சீதாலெட்சுமி இந்தக் காட்சிக்காகவே சனிக்கிழமைகளில் சீக்கிரம் வாசல் கூட்ட வருகிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

என் வீட்டுக்காரர் பரமேஸ்வரன் அந்த நேரத்தில் வெளியே தலைகாட்ட மாட்டார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். நாய் மூத்திரத்தைப் பிடிக்கிற வீட்டில் குடியிருக்கிறோம் என்பது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்பது அவர் கட்சி. ஒன்பது வருஷத்துக்கு முன் எங்கள் மகள் ஷாமினி மழையில் நனைந்த குட்டியாகத் தூக்கி வந்தாள். பிறகு அவள் கல்யாணமாகி காஜாங்குக்குப் போனாள், நாய் எனக்கு மிஞ்சியது. அன்றிலிருந்து அவர் வாயில் அது 'உன் நாய்'தான். கோப்பி என்று பெயர் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

போன வருஷம் கோப்பிக்கு மூத்திரப் பையில் கல். சிறுநீரில் இரத்தம் வந்து, முக்கி முக்கி நின்றாள். பிரிக்ஃபீல்ட்ஸில் மிருக டாக்டர் சுதர்சினி வயிற்றைத் திறந்து பதினோரு கற்களை எடுத்து, ஒரு சின்ன பாட்டிலில் போட்டு என் கையில் கொடுத்தார். உடைத்த கற்கண்டு மாதிரி இருந்தன. மயக்க மருந்து கொடுத்ததில் கோப்பியின் இதயம் ஒருமுறை தடுமாறிவிட்டது. இந்த வயதில் இன்னொரு முறை கத்தி வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அறுவைக்குப் பிறகு கல்லுக்கென்று விற்கிற டின் உணவைக் கொடுத்துப் பார்த்தோம். நான்கு நாள் பட்டினி கிடந்தாளே தவிர அதைத் தொடவில்லை. அவள் குட்டியிலிருந்தே பச்சைக் கறி தின்று வளர்ந்தவள். டாக்டருக்கு அதில் அவ்வளவு சம்மதம் இல்லை. என் பிடிவாதத்துக்காக ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். எலும்போடு அரைத்த கோழி இவ்வளவு, இதயம், ஈரல் இவ்வளவு, மத்தி மீன், கொஞ்சம் பூசணி, எல்லாவற்றையும் மூழ்கடிக்கிற அளவுக்குத் தண்ணீர் என்று அவரே கணக்காக எழுதிக் கொடுத்தார். மாதம் ஒருமுறை சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். பிடித்த இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும், ஐஸ்பெட்டியில் வைக்கக் கூடாது. மறுபடி உப்புத்துகள் தெரிந்தால் பச்சைக் கறியை நிறுத்திவிட வேண்டும்.

எட்டு மாதம் எல்லாம் சுத்தமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு நாளுக்கும் டப்பா கட்டி, கிழமை எழுதி உறைபெட்டியில் அடுக்கிவிடுவேன். நான் வேலைக்குப் போனபின் காலை எட்டு மணிக்கு என் வீட்டுக்காரர் ஒரு டப்பாவை எடுத்து, இடுக்கியால் பிடித்துத் தட்டில் கவிழ்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

மார்கழி பிறக்கும் சமயம் அவர் தைப்பூசத்துக்கு விரதம் இருக்கப் போவதாகச் சொன்னார். நாற்பத்தெட்டு நாள். பத்துமலையில் பால்குடம். எதற்கென்று நான் கேட்கவில்லை. வேண்டுதலை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்பது அவர் வீட்டுப் பழக்கம். முழங்கால் வலிக்காக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். விரத வீட்டுக்குள் பச்சைக் கறி ஆகாது என்பதால் உறைபெட்டியைப் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றினேன். சமையலை அவரே பார்த்துக்கொண்டார். நானும் வீட்டில் சைவம்தான். தொழிற்சாலை கேன்டீனில் பொரித்த கோழியோடு நாசி லெமாக் சோறு தின்றது எனக்கும் முருகனுக்கும் மட்டும் தெரியும்.

ஜனவரி முதல் சனிக்கிழமை டாக்டர் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். குட்டிக் குட்டிக் கட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெருக்கல் குறி. ஒட்டி வைத்த கடித உறையின் பின்பக்கம் போல இருந்தது. ஆக்ஸலேட் என்றார். போன வருஷத்துக் கல்லும் அதே சாதிதானாம்.

"என்ன ஆன்டி மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல டாக்டர். சத்தியமா."

கீரை, பீட்ரூட், சர்க்கரைவள்ளி, கடலை என்று அவர் ஒரு பட்டியல் சொல்லி, இவற்றில் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். பச்சைக் கோழி தின்கிற நாய்க்குக் கீரை எங்கிருந்து வரும் என்று நான் சிரித்தேன். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம், மறுபடியும் துகள் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். பட்டியலைச் சொல்லவில்லை. அவர் முகம் சட்டென்று வெளுத்தது. என் நாய் விஷயத்தில் இவருக்கு என்ன வந்தது என்று நினைத்தேனே ஒழிய, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நான் சந்தேகப்பட்டது கோழிக்கடை தம்புசாமியை. கிள்ளான் பாசாரில் பத்து வருஷமாக அவரிடம்தான் வாங்குகிறேன். நாலு பேர் நிற்கும்போதே, எலும்பில் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அந்த மனிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வேணும்னா நீங்களே வந்து அரைச்சுக்குங்க அக்கா என்றார். குழாய்த் தண்ணீரையும் சந்தேகப்பட்டு வடிகட்டியை மாற்றினேன். மீனை நிறுத்தினேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது கடித உறைகள் இரண்டு மடங்காகியிருந்தன. டாக்டரின் முகம் இறுகியிருந்தது. இன்னும் இரண்டு வாரம், அதற்குள் குறையாவிட்டால் ஸ்கேன், பச்சைக் கறி நிறுத்தம், கல் கட்டியிருந்தால் பிறகு அறுவை பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார். கொமுட்டரில் கிள்ளான் வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதேன். ஒரு நாய்க்காக ரயிலில் அழுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவரை ஒரு பிடி பிடித்திருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் என்னை ஏற்றிப்போன தொழிற்சாலை வேன் காப்பார் சாலையில் நின்றுபோனது. கூட வந்தவர்கள் ரிப்பேர்காரனுக்குக் காத்திருந்தார்கள், நான் அன்றைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, கிராப் டாக்சி பிடித்து வீட்டுக்குத் திரும்பினேன். முன்வாசலில் பூட்டு போட்டிருந்ததால் பின்சந்து வழியாக வந்தேன். எங்கள் பின்கேட்டுக்கு முன்னால் ஐந்து பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சந்துப் பூனைகள் எலும்பும் தோலுமாகத்தான் இருக்கும். இவை மாப்பிள்ளை விருந்துக்கு வந்த மாதிரி கொழுத்திருந்தன.

கேட் இடுக்கில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு, வேட்டியில் நின்றிருந்தார். 'வெள்ளி' என்று நான் எழுதிய டப்பாவைத் திறந்து, கறியை இடுக்கியால் எடுத்துக் கேட்டுக்கு அடியில் தள்ளினார். பூனைகள் பாய்ந்தன. பிறகு ஒரு வாழையிலைத் துண்டை விரித்து, சோறும் பாயம் கீரைக் கடையலும் நெய்யும் விட்டுப் பிசைந்து, கோப்பியின் முன் வைத்துவிட்டுக் கைகூப்பினார். கோப்பி வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். நெய் ஊற்றினால் அவள் செருப்பைக்கூடத் தின்பாள்.

நான் கேட்டைத் தள்ளிய வேகத்தில் பூனைகள் சுவர் ஏறின. அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. முப்பது வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துத் தீர்த்தேன். கல் வந்த நாய்க்குக் கீரை போடுகிறீர்களே, கொல்லத்தான் பார்க்கிறீர்களா என்றும் கேட்டுவிட்டேன். எதிர்வீட்டில் கூட்டுமாறு சத்தம் நின்றது.

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போய், சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன மஞ்சள் முடிச்சைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நேர்ந்துகொண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள், அந்த மாதிரி. அவிழ்த்தேன். ஒரு வெள்ளிக் காசு இருந்தது. அதோடு, எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டேன் என்று நான் தேடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டிலும், அதற்குள் பதினோரு கற்களும் இருந்தன.

"யாருக்காக விரதமோ அது பச்சக் கறி தின்னா விரதம் எப்படி நிக்கும்?" என்றார். "செவ்வா, வெள்ளி மட்டுந்தான் குடுத்தேன். நீ திரும்ப வந்துருச்சின்னு சொன்ன. எங்கிட்டதான் குறைன்னு நெனச்சேன். அப்புறம் நாலு நாளாக்கிட்டேன்."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நாய்க்குத் துகள் கூடக் கூட இந்த மனிதர் விரதத்தைக் கூட்டியிருக்கிறார், விரதத்தைக் கூட்டக் கூட்டத் துகள் கூடியிருக்கிறது. டாக்டர் சொன்ன பட்டியலை நான் வீட்டில் ஒரு தடவை சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். அதை அவரிடம் சொன்னேன். விரதச் சமையல் என்பதால் கடையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் போனது முருகன் செயல், அவை நாய்க்கு அதைவிட விஷம் என்றும் சொன்னேன். அவர் வாழையிலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இப்ப நிறுத்துனா நேத்திக்கடன் முறிஞ்சிரும் லோகா. இன்னும் ஒன்பது நாள்தான்."

சாமி காரியத்தில் அவரோடு வாதாடி நான் ஜெயித்ததில்லை. பேரம்தான் பேச முடியும்.

"அவ விரதத்த நான் எடுத்துக்கறேன். அவளுக்குப் பதிலா நான் இருக்கேன்."

"நீதான் ஏற்கெனவே சைவமாச்சே."

கேன்டீன் கோழியைப் பற்றி அப்போது சொல்ல வேண்டியதாயிற்று. அவர் தலையில் கை வைத்தார். பிறகு சிரித்தார். அந்த வீட்டில் ஒரு மாதமாக யாரும் அப்படிச் சிரித்திருக்கவில்லை.

அந்த ஒன்பது நாளும் நான் சுத்த சைவம். எங்கள் வீட்டில் கறி தின்றது கோப்பி ஒருத்திதான். தம்புசாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் காரணத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, பூனைகளுக்கென்று கொஞ்சம் தோல் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. நான் அகப்பையைத் தேடியபோது அது கொக்கியில் இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தால், அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புல்தரையில் கோப்பியின் பின்னால் பாதி குனிந்து நடந்துகொண்டிருந்தார். முழங்கால் வலிக்கிற மனிதர். எதிர்வீட்டில் சீதாலெட்சுமி கூட்டுமாறோடு சிலையாக நின்றாள்.

"கோப்பி, உக்காருமா," என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது.

மூன்றாவது முயற்சியில் பிடித்துவிட்டார். நான் கதவைப் பூட்டி வருவதற்குள் பாட்டிலில் ஊற்றி, மூடி, சீட்டு ஒட்டி, கையில் எடுத்துக்கொண்டார். கொடுங்கள், பையில் வைக்கிறேன் என்றேன், கொடுக்கவில்லை. கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்துக் கேஎல் சென்ட்ரல் வரை ஒரு மணி நேரமும் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். ரயில் முழுக்க மஞ்சள் துணிக்காரர்கள், பத்துமலைக்குப் போகிறவர்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் இவர் விபூதியையும் பிடித்திருந்த விதத்தையும் பார்த்துவிட்டு, அபிஷேகப் பாலா என்று மரியாதையாகக் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் சுதர்சினி பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்து டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டுத் திரையைத் திருப்பினார். அதில் வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஒண்ணுமே தெரியலயே டாக்டர்," என்றார் அவர். "நான் பிடிச்சது சரியில்லயா?"

"அதான் அங்கிள் நமக்கு வேணும். சுத்தமா இருக்கு. ஸ்கேன் இப்பத் தேவையில்ல, சாப்பாடு இப்படியே போகட்டும். கீரை மட்டும் வேணாம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது.

டாக்டர் கணினியில் பதிவதற்காகப் பாட்டிலை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். ஒரு தடவை எங்களைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். பிறகு பாட்டிலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நம் பெண்பிள்ளைகளின் அடையாள அட்டையில் 'ஏ/பி', அதாவது மகள், என்று தகப்பன் பெயர் சேர்த்து எழுதுகிற மாதிரியே, துறைமுகத்து லாக் புத்தகத்தில் எழுதிப் பழகிய குண்டு எழுத்தில், 'கோப்பி ஏ/பி பரமேஸ்வரன்' என்று எழுதியிருந்தது.

"கோப்பியோட கிளினிக் கார்டு ஆன்டி பேர்லதானே இருக்கு," என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். "மாத்தணுமா?"

அவர் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"மாத்திடுங்க டாக்டர்," என்றேன்.