பூபாலசிங்கம் சேரின் கொப்பி

தொண்ணூற்றாறாம் ஆண்டு மே மாதம் ஒரு திங்கட்கிழமை, பூபாலசிங்கம் சேர் வகுப்புக்கு வரவில்லை. நாங்கள் கொழும்பில் ஏ.எல். உயர்தர வகுப்பு, இரண்டாம் வருடம். கணிதப் பிரிவில் ஆறே பெண்கள். ஆகஸ்டில் சோதினை. அட்சரகணிதத்தில் பகுதிப் பின்னம் வரை முடித்திருந்தார். ஈருறுப்பு விரிவு, தொடர்கள், சிக்கலெண்கள் மூன்றும் மிச்சம்.

"ரியூசன் எண்டு அலையாதேங்கோ பிள்ளையள். செக்பொயின்ற் எல்லாம் தாண்டி ஏன் கஷ்டப்படுறியள்? நான் முடிச்சுத் தருவன்" என்று தை மாதமே சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நம்பி, வெள்ளவத்தையில் எங்கள் வாடகை அறையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி நடந்த வகுப்புக்குக்கூட நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமைதான் அதிபர் வந்து சொன்னார்: சேர் குடும்பத்தோடு கனடா போய்விட்டார். வேறு ஆசிரியர் கேட்டு எழுதியிருக்கிறது, எப்போது வருவாரென்று தெரியாது.

"ஒரு சொல் சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்றாள் கொம்பனித்தெருப் பலீலா. பிறிஜெற் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் கைலேஞ்சியால் நான்தான் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

பிறிஜெற் கொட்டாஞ்சேனைக்காரி. இரண்டு வருடம் என் பக்கத்து இருக்கை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் ஒரு சொல் சிங்களம் தெரியாது. ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை கேட்டால் எனக்கும் சேர்த்து அவளே பதில் சொல்வாள். சொல்லச் சொல்ல என்னையும் பழக்கினாள். நான் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். வகுப்பில் எப்போதும் நான் முதலாவது, அவள் இரண்டாவது.

சேர் போன பிறகு, புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மல்லுக்கட்டினோம். சிக்கலெண்ணில் ஒரு கணக்குக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. அடுத்தநாள் அதை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். "இப்பத்தான் வெளங்குது" என்று தலையாட்டினாள்.

ஜூன் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல். மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. சனிக்கிழமை பௌதிகவியல் குறிப்புகளை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அவளுடைய அம்மா, ஐறீன் அன்ரி.

"அப்பாவோட மருந்தெடுக்கப் போயிருக்கா. இருங்க மகள், இப்ப வந்துடுவா." தேத்தண்ணி தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "நீங்களும் சேர்ட கொப்பியப் பார்த்துத்தானே படிக்கிறீங்க? பாவம் மனுசன். போறதுக்கு முந்தின நாள் மழையில நனைஞ்சு வந்து தந்துட்டுப் போனார். இவங்க அப்பாதானே அவருக்கு ரிக்கற் போட்டுக் குடுத்தது."

"எந்தக் கொப்பி அன்ரி?"

மேசை லாச்சியை இழுத்து எடுத்துத் தந்தார். சேரின் பொடிக் கையெழுத்து. மிச்சமிருந்த மூன்று பாடமும் அதில் இருந்தன. ஒவ்வொரு வகைக் கணக்கும் படிப்படியாகச் செய்திருந்தது. முதல் பக்கத்தில் எழுதியிருந்தார்: "பிறிஜெற், ஆறு பேரும் பார்த்தெழுதக் குடு. சொன்னால் பயணம் நின்றுவிடும், அதுதான் சொல்லாமல் போகிறேன். எல்லாரும் மன்னியுங்கோ."

ஆறு கிழமையாக நான் அந்த மனிசனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கங்களைப் புரட்டினேன். ஓரங்களில் பிறிஜெற் பென்சிலால் சரி போட்டுத் திகதி எழுதியிருந்தாள். என் ஞாயிற்றுக்கிழமையைத் தின்ற கணக்கும் இருந்தது. நான் விளங்கப்படுத்திய நாளுக்குப் பன்னிரண்டு நாள் முந்திய திகதி.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறிஜெற் என் மடியைப் பார்த்துவிட்டுக் கதவடியிலேயே நின்றாள். பின்னால் அவள் அப்பா நோபேட் அங்கிள் மருந்துப் போத்தலோடு.

"சேர் போறது உனக்குத் தெரியும். அதை விடு, உன்ர அப்பா சொல்ல வேண்டாம் எண்டிருப்பார். இதை ஏன் மறைச்சனி?"

"ஜெகா..."

"கேக்கிறன்."

"எப்பவும் நீதானே முதலாவது. ஒரே ஒருக்கா உன்ன விடக் கூட எடுக்கணும்னு நெனச்சேன்."

"அப்ப பலீலா? மற்றவையள்? அவையும் உன்னை முந்தினவையே?"

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"நான் விளங்கப்படுத்தேக்க ஏன் தலையாட்டினனி?"

அவள் அழத் தொடங்கினாள். ஐறீன் அன்ரி ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் ஒருவன் கொப்பியை விரித்து, குறிகளையும் எழுத்துகளையும் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். "கணங், மஹத்தயா. விபாகெட்ட" என்றேன். கணக்கு, சோதினைக்கு. திருப்பித் தந்தான். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான், அந்தச் சொற்களையும் அவள்தான் பழக்கினவள் என்பது உறைத்தது. அதற்குப் பிறகு வெள்ளவத்தை வரும்வரை அழுகையை அடக்க முடியவில்லை.

திங்கட்கிழமை முதல் பக்கத்தை வகுப்பில் உரத்து வாசித்தேன். பிறகு கரும்பலகையில் ஒவ்வொரு கணக்காக எழுதினேன். புதன்கிழமை பிறிஜெற் வந்தபோது பலீலா என் பக்கத்தில் இருந்தாள். பிறிஜெற் போய்ப் பின்வரிசையில் தனியாக இருந்தாள். சோதினை வரை அங்கேதான் இருந்தாள்.

பெறுபேறு வந்தது. தூய கணிதத்தில் அவளுக்கு ஏ, எனக்கு பி. அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்றவள், என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் பலீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.