ஒசரமான வண்டி

என் வீட்டுக்காரரிடம் யாராவது "வண்டி எப்படிங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், முதுகு நிமிர்ந்துவிடும். "தங்கமுங்க. வாங்கி மூணு வருசமாச்சு, ஒரு பிரச்சினை இல்லீங்க" என்பார். போன தை மாதம் துடியலூரில் ஒரு கல்யாண மண்டப வாசலில் நின்று அவர் இதைச் சொன்னபோது, எங்கள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கல்யாணத்துக்கு வந்ததே டாக்ஸியில்தான். அதையும் மண்டபத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி, பட்டுச்சேலையோடு என்னை வெயிலில் நடக்கவைத்துக் கூட்டிவந்தார்.

கிருபாசங்கர் என்று என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால் எங்கள் துடியலூர்ப் பகுதியில் தெரியும். பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். பட்டறையில் ஒரு சாமான் நூலளவு பிசகினாலும் தூக்கிக் குப்பையில் போடுகிற மனிதர், சொந்த வண்டி விஷயத்தில் மட்டும் மகா தாராளம். கார் வாங்கப் போனபோது அவர் செய்த சோதனை இரண்டே இரண்டு. கதவைச் சாத்தினார், 'தொப்' என்று கேட்டது, "இரும்புன்னா இதுதான் இரும்பு" என்றார். பிறகு ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் நின்ற காரின் கூரை தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் அவரிடம் விளக்கம் உண்டு. ஸ்டார்ட் ஆகாவிட்டால், "அது பேட்டரி, வண்டிக்கு ஒண்ணுமில்லை." மேட்டுப்பாளையம் ரோட்டில் புகை கக்கிக்கொண்டு நின்றால், "அது சென்சார்." கியர் சிக்கினால் கிளட்ச் மேல் பழி, கிளட்ச் போனால் டீசல் மேல் பழி, டீசல் சரியாக இருந்தால் எலி ஒயரைக் கடித்துவிட்டது. "இதெல்லாம் போக, வண்டின்னு நீங்க சொல்றது எதைங்க?" என்று ஒருநாள் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சரி, அவர் வண்டி, அவர் வாய் என்று நானும் விட்டிருந்தேன். என் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும் வரைக்கும்.

அப்பா செங்கோட்டையன், புளியம்பட்டிப் பக்கம் தோட்டத்தில் என் தம்பி மனோஜ்குமாரோடு இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் அவரைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். நாள் தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு திணறும், ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் ஜெப்ரி முதல் நாளே எங்களை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். தம்பியிடம் இருந்த பழைய ஜீப் இந்த அலைச்சலுக்கு ஆகாது. புதுக் கார் வாங்குவது என்று முடிவானது. எந்தக் கார் என்று கேட்க அவன் போன் செய்தது யாருக்கு? என் வீட்டுக்காரருக்கு.

"கண்ண மூடிட்டு நம்ம வண்டியவே வாங்குங்க மாப்பிள்ளை. அடிச்சு ஓட்டினாலும் அசையாது" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்ததை நான் அடுப்பங்கரையிலிருந்து கேட்டேன். அன்றைக்கும் வண்டி ஒர்க்‌ஷாப்பில்தான் இருந்தது.

"ஏனுங்க, அப்பா உசுரு சம்பந்தப்பட்டதுங்க. உள்ளதச் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா நம்மள என்ன நெனப்பாங்க? அப்பறம் இத விக்கோணும்னா ஒருத்தன் கேப்பானா?" என்றவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவனும் ஒண்ணு வாங்கிப்போட்டா நமக்கும் ஒரு தொணையாச்சு" என்றார். இந்த மனிதரைத்தான் இத்தனை வருஷமாகக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன்.

அடுத்த நாளே அமீர் ஹம்சாவைக் கூப்பிட்டேன். எங்கள் வண்டி படுத்துக்கொள்ளும்போதெல்லாம் வருகிற டாக்ஸிக்காரர். ஊரில் பாதி டாக்ஸிக்காரர்கள் வைத்திருக்கிற அதே சின்ன வெள்ளைக் கார்தான் அவரிடமும். இராப்பகலாக ஓடுகிறது. வண்டி நின்றுவிட்டது, வர முடியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

புளியம்பட்டிக்குப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். பல்லடத்தில் நின்றது, அவிநாசியில் நின்றது, லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துவந்தது, ஒன்று விடவில்லை. தம்பியும் அவன் மனைவி யுவஸ்ரீயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பறம் ஏனுங்க நங்கையா, அண்ணன் இன்னும் அதையே வெச்சிருக்கறாரு?" என்று நாத்தனாருக்குத் தர வேண்டிய மரியாதை குறையாமல் யுவஸ்ரீ கேட்டாள்.

"அவருக்கு வறட்டு கௌரவம் அம்மணி."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்களும் அதே வண்டி வாங்கறது உனக்குச் சங்கட்டமா இருந்தா நேரா சொல்லிப்போடுக்கா" என்றான்.

வெட்கத்தை விட்டு என் வீட்டு வண்டவாளத்தை நானே எடுத்துவந்து கொட்டினால், பொறாமையில் சொல்கிறேன் என்கிறான்! அழுகை வந்தது. அதைவிட, அவனை ஒரு அறை விடலாம் போல வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வாசலில் நின்ற அமீர் ஹம்சாவின் காரைக் காட்டினேன்.

"அந்த வண்டிய வாங்குங்க. டாக்ஸிக்காரங்க பூராம் அதத்தான் ஓட்டறாங்க. வண்டி நின்னா அவுங்களுக்கு அன்னிக்குச் சோறு இல்ல. நிக்காதுன்னு தெரிஞ்சுதானே வாங்கறாங்க?"

அதுவரைக்கும் சும்மா படுத்திருந்த அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"டாக்ஸிக்காரங்க வெச்சிருக்கறாங்கன்னுதான் கண்ணு வேண்டாங்கறோம். அதுல போயி ஒரு கண்ணாலத்துல எறங்குனா, டிரைவருக்கெல்லாம் அந்தப்பக்கம் பந்தின்னு மனோஜக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. வாங்கப் போவது கல்யாணத்துக்குப் போகிற வண்டி இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

திரும்பும் வழியில் ஆற்றாமை தாங்காமல் அமீர் ஹம்சாவிடம் கேட்டேன். "நீங்களே சொல்லுங்க பாய். உங்க ஊட்டுக்குன்னு ஒரு வண்டி வாங்கறதா இருந்தா எத வாங்குவீங்க?"

"உங்க சார் வெச்சிருக்கறாருங்களே, அதாட்டம் ஒண்ணுங்க்கா" என்றார், யோசிக்கக்கூட இல்லை.

"இந்த வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

"இது பொழப்புக்குங்க. சொந்தக்காரங்க ஊட்டுக்கு இதுல போனா, இந்தப்பக்கம் சவாரி வந்தயான்னு கேக்கறாங்க."



தம்பி வாங்கிவிட்டான். எங்கள் வண்டியேதான், ஆனால் ஒரு படி மேலே உள்ள மாடல், கூரையில் கண்ணாடி திறக்கும். பூஜை போட்ட போட்டோவைப் பார்த்த அன்று என் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. மாமனார் வழியில் நின்றுவிடுவாரே என்ற கவலை என்று நினைத்துவிட வேண்டாம். மச்சினன் வண்டியில் கூரை திறக்கிறதே என்ற கவலை.

"வண்டி எப்படிடா?" என்று வாராவாரம் கேட்பேன். "அருமையா ஓடுதுக்கா" என்பான். அப்பாவிடம் கேட்டாலும் அதே பதில்தான். சித்திரை போய் ஆனியும் போயிற்று. ஒருவேளை எங்களுக்கு வாய்த்த வண்டிதான் மோசமோ, தம்பியை வீணாகக் குழப்பப் பார்த்தேனோ என்று எனக்கே தோன்றத் தொடங்கியது. "நாந்தான் அப்பவே சொன்னனல்ல" என்று இவர் வேறு மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தது. உள்ளூரில் ஒரு ஆள் இருக்கட்டும் என்று என் நம்பரையும் கொடுத்து வைத்திருந்தோம்.

"அப்பா இன்னும் வரலைங்களே" என்றார் நர்ஸ். "போன வெள்ளிக்கிழமையும் வரல. அதுக்கு முந்தின மாசமும் ரெண்டு தடவ விட்டுட்டாங்க. கேட்டா ஊர்ல நோம்பின்னு சொல்றாங்க. இப்படி விடக் கூடாதுங்க."

எந்த நோம்பி? எனக்குத் தெரியாமல் ஊரில் என்ன திருவிழா? தம்பிக்குப் போட்டேன். "அன்னூர் தாண்டி ஒரு நெழல்ல நிக்கறமுக்கா. சும்மாதான். வண்டிக்கு ஒண்ணுமில்ல" என்றான். அமீர் ஹம்சாவைக் கூட்டிக்கொண்டு பறந்தேன்.

கோவில்பாளையம் தாண்டியதுமே தெரிந்தது. அவ்வளவு பெரிய வண்டி புளியமரத்தடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பின்சீட்டில் அப்பா. கால் இரண்டும் வீங்கி, முகம் ஊதி, வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். தம்பியோ, பைக்கை நிறுத்திவிட்டு விசாரித்த ஒருவரிடம், "ஒண்ணுமில்லீங்க, இஞ்சினுக்குக் கொஞ்சம் காத்தாடட்டும்னு தெறந்து வெச்சிருக்கறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அடக்கிவைத்த அறையை அங்கேயே, நடுரோட்டில் விட்டேன்.

"மத்த நாளெல்லாம் ஏண்டா வரல?"

"வண்டி ஒர்க்‌ஷாப்புல இருந்துச்சுக்கா."

"ஒரு டாக்ஸி கூப்புட முடியாதா உனக்கு?"

"புது வண்டி வாங்கி நாலு மாசம் ஆகல. அதுக்குள்ள வாசல்ல டாக்ஸி வந்து நின்னா ஊர்ல கேவலமாப் பேசுவாங்கன்னு..." கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அப்பாதாங்க்கா வேண்டாம்னுட்டாரு. ஒருநாள் தவறுனா ஒண்ணும் ஆகாதுன்னாரு."

அப்பாவை நானும் அமீர் ஹம்சாவும் தாங்கிப் பிடித்து டாக்ஸிக்கு மாற்றினோம். மூச்சுக்குத் திணறுகிற அந்த நிலையிலும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். போகிற வருகிற பஸ்ஸில் தெரிந்தவர் யாரும் இருந்துவிடக் கூடாதாம். எனக்கு அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. வியாதியைக்கூட மெஷின் பார்த்துக்கொள்ளும். இதற்கு என்ன செய்வது? சாகத் துணிந்த மனிதர் டாக்ஸியில் ஏறத் துணியவில்லை.

அன்றைக்குப் பிழைத்துக்கொண்டார். டாக்டர் ஜெப்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி விட்டீங்கன்னா, அப்புறம் கூட்டிட்டு வர வேண்டிய அவசியமே இருக்காதும்மா" என்றார். அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

"டாக்டர், நீங்க எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லோணுமுங்க. ஒசரமான வண்டில இனி ஏறவே கூடாதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"என்ன வண்டிங்க அது?" என்றார். பெயரைச் சொன்னேன். "அட, நல்ல வண்டியாச்சே! நானே அதை வாங்கலாம்னு பார்த்துட்டிருக்கேன்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கைகூப்பினேன்.

ஆனாலும் மனிதர் நல்லவர். சாயங்காலம் அப்பாவின் கட்டிலருகே வந்து, மெஷினுக்காக ஊசி குத்துகிற கையைத் தொட்டுப் பார்த்து, "ஐயா, இந்தக் கையால பிடிச்சுத் தொங்கி ஏறற பெரிய வண்டியெல்லாம் இனி உங்களுக்கு ஆகாது. தாழ்வா இருக்கற சின்ன வண்டியிலதான் வரணும்" என்றார்.

அப்பாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பத்து வயது குறைந்துவிட்டது.

"நம்முளுது ரொம்ப ஒசரமுங்க டாக்டர்" என்றார் பெருமையாக. "ஏறி உக்கார்றதுக்குள்ள எனக்கு மேமூச்சு கீமூச்சு வாங்குதுங்க."

அதிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அமீர் ஹம்சா போய் வாசலிலேயே ஹாரன் அடிக்கிறார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஊர் பார்க்க ஏறுகிறார். "என்ன பண்றதுங்க, அத்தன பெரிய வண்டி ஊட்டுல நிக்குது. டாக்டரு ஏறக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு" என்று எல்லோரிடமும் அங்கலாய்க்கிறார். பெரிய வண்டி நிஜமாகவே நிற்கத்தான் நிற்கிறது. துணி போர்த்தி ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு என்ன ரிப்பேர் வரும்? ஒர்க்‌ஷாப் பக்கமே போகாத வண்டி என்று புளியம்பட்டியில் அதற்கு ஏகப்பட்ட பேர். உண்மையைச் சொன்னபோது என்னை ஒருவரும் நம்பவில்லை. டாக்டர் வாயால் ஒரு பொய் சொல்லவைத்தேன், ஊரே நம்புகிறது.

தீபாவளிக்குப் போயிருந்தபோது பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன் வந்தார். அவருடைய அம்மா நாச்சியம்மாளுக்கு இருதயக் கோளாறு. திடீர் திடீரென்று நெஞ்சு அடைக்கிறது, ஈரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.

"நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறனுங்க" என்று என் எதிரே உட்கார்ந்தார். "உங்க ஊட்டுக்காரரும் அதத்தான் வெச்சிருக்கறாரு, தம்பியும் அதத்தான் வெச்சிருக்கறாரு. ஆனா அம்மாளுக்கோசரம் வாங்கறது பாருங்க, மனசு ஒப்பல. நீங்க உள்ளத உள்ளபடி சொல்றவுங்க. ஒரு வார்த்த சொல்லுங்க, வாங்கலாமுங்களா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். கட்டிலிலிருந்து அப்பா என்னைப் பார்த்தார். வாழ்நாளில் என்னிடம் எதையும் கேட்டறியாத மனிதர், அப்படிக் கெஞ்சுகிற கண்ணோடு பார்த்தார். வண்டி உதவாது என்று நான் இப்போது சொன்னால், டாக்டர் சொன்னதும் சாக்கு என்று விடிவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் வெள்ளிக்கிழமை அவர் டாக்ஸியில் ஏறமாட்டார். என் அப்பாவை எனக்குத் தெரியும்.

"நல்ல வண்டிதானுங்க" என்றேன். சொல்லும்போதே என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சென்னியப்பன் நிம்மதியாக எழுந்தார்.

நானும் வாசல் வரைக்கும் கூடவே போனேன். அவருடைய போனைக் கேட்டு வாங்கி, அமீர் ஹம்சாவின் நம்பரைப் பதிந்து கொடுத்தேன்.

"டாக்ஸிக்காரரு நம்பருங்களா?" என்று சிரித்தார். "புது வண்டி வாங்கறவனுக்கு இது எதுக்குங்க?"

"உங்கம்மாளுக்குங்க" என்றேன்.