கழித்தல் குறி

"அடுத்தது" என்றார் இல்போ, மருத்துவமனைக் கட்டிலில் கண்ணைத் திறக்காமல்.

விர்வே மடிக்கணினியைப் போர்வையின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு திரையை நகர்த்தினாள். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் கழித்தல் குறி. சிவப்பு நிறம். நீக்கப்போகிற வரிகள்.

"இதுவும் முழுசாப் போகுதுப்பா. கூட்டினது ரெண்டே வரி. கழிச்சது பக்கம் பக்கமா."

"நல்லது. நாளே நல்லா இருக்கு."

கணினிகளின் அடியாழத்தில் ஓடும் கெர்னல் என்ற மைய நிரலில், ரகசியங்களைப் பூட்டித் திறக்கும் பகுதியைப் பல காலமாகப் பார்த்துவந்தவர் அவர். ஒரே பூட்டை ஒவ்வொரு வகைச் சிப்புக்கும் வேகமாக ஓடும்படி யார் யாரோ தனித்தனியாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். சிப்புகள் வழக்கொழிந்து போயின. நிரல்கள் மட்டும் மிஞ்சின. யாரும் கவனிக்காத பூட்டில்தான் திருடன் கை வைப்பான் என்பது அவர் கட்சி. அதனால் எழுதியதைவிட நீக்கியதைத்தான் பெருமையாகச் சொல்வார். இப்போது அவர் இடத்துக்கு வரப்போகிற ராதிம், பிர்னோ நகரத்திலிருந்து ஒரு பெரிய நீக்கல் பட்டியலை அனுப்பியிருந்தான். இல்போ சரி என்று சொல்ல வேண்டும். விரல்கள் வீங்கிவிட்டதால் மகள் வாசித்தாள்.

தாதி மீர்யா அவுரிநெல்லிச் சூப்போடு உள்ளே வந்தாள். "இன்னைக்கும் ஆபீஸைத் தொறந்தாச்சா, இல்போ?"

"மூடுற வேலைதான் நடக்குது."

"சூப்பை மூடி வைக்காதீங்க. ரெண்டு கரண்டியாவது உள்ள போகணும்."

அவள் போனதும் விர்வே அடுத்த கோப்பைத் திறந்தாள். வாய் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

மேலே எழுதியவர் பெயர் இருந்தது: விர்வே சாலோவாரா. கீழே ராதிமின் குறிப்பு: 'இவர் முகவரிக்குப் போட்ட மடல் திரும்பி வந்துவிட்டது. யாருக்காவது இவரைத் தெரியுமா? எழுதியவரைக் கேட்காமல் எடுக்க எனக்கு மனமில்லை.'

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு வகைச் சிப்புக்காக எழுதியது. அப்பாவின் செல்வாக்கில் வந்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அம்மாவின் குடும்பப் பெயரைப் போட்டு, எல்லாரும் பார்க்கும் மடற்குழுவுக்கு அனுப்பினாள். அவர் திருப்பி அனுப்பினார். திருத்தி அனுப்பினாள். மறுபடியும் திருப்பினார். 'இந்த வரி எதற்கு?' என்று முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல எழுதுவார். இரவு உணவில் உருளைக்கிழங்குத் தட்டை அவள் பக்கம் தள்ளுவார், அதைப் பற்றி ஒரு சொல் இல்லாமல். கடைசியில் ஒருநாள் 'ஏற்றுக்கொண்டேன், நன்றி' என்று வந்தது.

இன்று அவள் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் பொறியாளர். கெர்னல் பக்கம் போய் வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் அப்பா எத்தனையோ பேருடைய வேலையைக் கத்தரித்துத் தள்ளியபோது அவளுடையது நின்றது. நன்றாக இருந்ததால் நின்றது என்றுதான் நம்பினாள். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தேவைப்படாத அளவுக்கு அது அவளுக்குள் உறுதியாக இருந்தது.

"ஏன் நிறுத்திட்ட?"

"இது என்னோடது."

"தெரியும்."

"இந்தச் சிப் இன்னும் யார்கிட்டப்பா இருக்கு?"

"நம்ம வீட்டுல. சவுனா நீராவிக் குளியலறைக்குப் பக்கத்து ரூம்ல."

"அம்மா உயிரோட இருந்த வரைக்கும் தூக்கிப் போடச் சொல்லிக் கத்திக்கிட்டே இருந்தாளே, அந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியா? கையுறை காயவைக்க வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"அதுக்கும்தான்."

"அப்போ நல்லா இருக்குன்னு இதை வைக்கல."

"நல்லாத்தான் இருந்துச்சு. அப்போ."

"மத்தவங்களோடதை எல்லாம் எடுத்தீங்க."

"ம்."

"யாராச்சும் கேட்டிருந்தா?"

"கேட்டாங்க. பயன்படுத்துற ஆள் ஒருத்தன் இருக்கான்னு சொன்னேன். பொய் இல்லியே." சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அடங்கியதும் சொன்னார்: "ஒழுங்கா முடிச்சிட்டுப் போகணும்னு இருக்கு. ஆனா ராதிம் கேக்குறது உன்னை. நீ சரின்னா போகட்டும். இல்லன்னா இருக்கட்டும். நான் சொல்ல மாட்டேன்."

அவள் மடிக்கணினியை மூடினாள். "காப்பி குடிச்சிட்டு வரேன்."

தாழ்வாரத்துச் சன்னலுக்கு வெளியே ஏரிப் பனி சாம்பல் நிறமாக இளகிக் கிடந்தது. காப்பி கையிலேயே ஆறியது. குழந்தை கிறுக்கிய படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தது போலத்தான் வைத்திருந்திருக்கிறார். அதுவும் யாரிடமும் சொல்லாமல், அவளிடமும் சொல்லாமல். தனக்கு வந்தது கோபமா என்று பார்த்தாள். கோபம்தான். அதற்கடியில் இருந்ததை அப்போது புரட்டிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

திரும்பி வந்தபோது அவர் மூச்சு மாறியிருந்தது. மீர்யா கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். "பேசுங்க, காது கேக்கும்" என்றாள். விர்வே அவர் வீங்கிய விரல்களைப் பிடித்துக்கொண்டாள். 'சரி' என்ற ஒரு சொல்தான் சொல்ல வேண்டியிருந்தது. வரவில்லை. அந்தி சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. மீர்யா சன்னலைத் திறந்துவிட்டு, வாசலில் மெழுகுவத்தி ஏற்றினாள். குளிர் உள்ளே வந்து சூப்புக் கிண்ணத்தின் மேல் நின்றது.

மறுநாள், சவப்பெட்டியில் அவருக்கு உடுத்த வேண்டிய கறுப்பு உடையை எடுக்க விர்வே வீட்டுக்குப் போனாள். ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது. உடையை எடுத்த பிறகும் கிளம்பாமல் சவுனாவை ஒட்டிய அறைக்குள் நுழைந்தாள். பெட்டி மெல்ல இரைந்துகொண்டிருந்தது. அதன் மேல் அவருடைய கம்பளிக் கையுறைகள்.

பலகையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அந்தக் கோப்பின் எந்த வரியை யார் எப்போது தொட்டார்கள் என்ற வரலாற்றைத் திறந்தாள். இல்போ. இல்போ. மறுபடியும் இல்போ. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் ஏற்ப அவர் ஒவ்வொரு வரியாக மாற்றியிருந்தார். அவள் எழுதிய நிரலில் ஒரு வரிகூட மிச்சமில்லை. மேலே பெயர் இருந்தது. நடுவில் அவள் போட்ட குறிப்பு ஒன்று இருந்தது: 'இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மாற்றினால் மெதுவாகிறது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.'

காரணம் தெரியாத குறிப்பை யார் எழுதினாலும் அடித்துவிடுவார் அவர். சுற்றியிருந்த வரிகள் எல்லாம் மாறி, வரிசையே இல்லாமல் போன பிறகும் இதைத் தொடவில்லை.

அந்தப் பெட்டியில் நிரலின் சோதனையை ஒருமுறை ஓடவிட்டாள். தேறியது. பிறகு ராதிமுக்கு, மடற்குழு முழுவதும் பார்க்கும்படி எழுதினாள்: 'எழுதியவள் நான்தான். நீக்கலாம்.' அடியில் பெயரைப் போட்டாள். அம்மாவின் குடும்பப் பெயருக்குப் பின்னால் அப்பாவுடையதையும் சேர்த்தாள். அனுப்பினாள்.

இனி இந்தப் பெட்டிக்கு வேலையில்லை. எழுந்து சுவரில் இருந்த சொருகியைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, பலகையில் நனைந்து கிடந்த தன் கையுறைகளை எடுத்து வந்து, அவருடையவற்றின் பக்கத்தில், பெட்டியின் மேல் விரித்து வைத்தாள்.