மேனேஜர் லைனில் இருக்கிறார்

ஒரு ஆளின் மானத்தை வாங்க வேண்டுமா? அவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் போன் போட்டு, மேலதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். கடன் வசூல்காரர்களின் தொழிலில் இதுதான் அரிச்சுவடி. அந்த இடத்தில் போனை எடுப்பதே அந்த ஆள்தான் என்றால் என்ன செய்வது? இதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பாவம்.

அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். மாடிப்படிக்குக் கீழே, மின்விசிறி கூட முழுசாகச் சுற்ற முடியாத ஒரு கண்ணாடி அறை. உள்ளே வரும் அழைப்பு எதுவானாலும் அவள் காதைத் தாண்டித்தான் போக வேண்டும். வசூல் கம்பெனியின் தாளில் அவள் தொழில் 'ஆஸ்பத்திரி ஊழியர்' என்று மட்டும் இருந்தது.

"ஹலோ, மேனேஜரைக் குடும்மா."

குரலைக் கேட்டதுமே ஆள் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கட்டைக்குரல்! மூன்று மாதமாக அவள் கைபேசியில் உறுமிக்கொண்டிருந்தவன். வீட்டில் அவள் அழுத குரல்தான் அவனுக்குத் தெரியும், வேலைக்குரல் தெரியாது.

"என்ன விஷயமாங்க?"

"உங்க ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற ஒருத்தி எங்ககிட்ட கடன் வாங்கிட்டு ஏமாத்தறா. திருட்டுக் கழுதை. அவ யோக்கியதையை அவர்கிட்ட சொல்லணும்."

"அடக் கடவுளே! பார்த்தா அப்படித் தெரியலையே. லைன்ல இருங்க."

லைனில் போட்டாள். காத்திருப்பவர்களுக்கான வீணை இசை இருபது நிமிடம் ஓடியது. பிறகு "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்" என்றாள். மறுநாள் மேனேஜர் வெளியூர். அதற்கு மறுநாள் பல்வலி. அந்த மனிதரை இரண்டு வாரத்தில் நாலு தடவை வெளியூருக்கு அனுப்பினாள். இத்தனைக்கும் அவர் தன் நாற்காலியைவிட்டு எழுந்து போவது கழிப்பறைக்கு மட்டும்தான்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. ஆறு மாதத் தற்காலிக வேலை அது. நிரந்தரமாக்கும் கடிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட இன்னும் பத்தே நாள். வேன் ஓட்டும் புருஷன் கால் முறிந்து படுத்த பிறகுதான் தவணை நின்றது. இந்தச் சம்பளமும் போனால் வீட்டு வாடகைக்கே வழியில்லை.

நுகர்வோர் உதவி மையத்துக்கும் போய்ப் பார்த்தாள். அங்கிருந்த வக்கீலம்மா, "கடன் நிஜம், கட்டித்தான் ஆகணும். ஆனா திட்டறதுக்கும் மிரட்டறதுக்கும் அவங்களுக்கு உரிமை கிடையாது. உங்க கடனை அடுத்தவங்ககிட்ட சொல்லவும் கூடாது. எப்பக் கூப்பிட்டாங்க, என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் எழுதி வைங்க" என்றார். வரும் அழைப்பையெல்லாம் குறித்து வைப்பதே வேலையாக இருப்பவளுக்கு எழுதுவது புதிதா என்ன? ஒரு நோட்டில் தேதி, மணி, வசவு, தான் சொன்ன சாக்கு வாரியாக நாற்பத்தொரு அழைப்புகள். 'திருட்டுக் கழுதை' மட்டும் பதினேழு தடவை.

எத்தனை நாள்தான் மேனேஜருக்குப் பல் வலிக்கும்? அன்று மதியம் சாப்பிடப் போனபோது, மருந்துக் கவுன்டர் பெண்ணை உட்கார வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தால் மேனேஜர் இணைப்பில் சிவப்பு விளக்கு.

"யாரு?"

"ஏதோ கடன் கம்பெனியாம்க்கா. அவசரம்னாங்க, குடுத்துட்டேன்."

போச்சு. எல்லாம் போச்சு. ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாணென்ன, முழமென்ன? ஹெட்போனை மாட்டினாள்.

"சார், கடன் விஷயமாப் பேசறேன். உங்க ஆஸ்பத்திரியில..." என்று கட்டைக்குரல் ஆரம்பித்ததுதான் தாமதம்.

"ஐயையோ, ஆபீஸ் நம்பருக்கா கூப்பிடறீங்க?" மேனேஜரின் குரல் கிசுகிசுத்தது. "திங்கட்கிழமை கட்டிடறேங்க. சத்தியமா. என் மிஸஸுக்குத் தெரியாதுங்க."

வலை போட்டது கெண்டைக்கு, சிக்கியது சுறா. கட்டைக்குரல் தொழில் தெரிந்தவன், மூச்சுகூட வாங்கவில்லை.

"ஆமாய்யா, உன்னைத்தான்! கோட்டு சூட்டு போட்டா பெரிய மனுஷனா? இப்பவே உன் பொண்டாட்டிக்குப் போன் போடறேன். நீ தூக்குல தொங்கினாக்கூட விடமாட்டேன்."

மேனேஜர் அழுதார். ஐம்பத்தைந்து வயது மனிதர், அழைப்பை நாலு தடவை மணியடிப்பதற்குள் எடுக்காவிட்டால் அரைநாள் சம்பளத்தைப் பிடிக்கிறவர், தேம்பித் தேம்பி அழுதார்.

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவன் இனி அவளை மறந்தே போவான். கடிதமும் தானாக வந்துவிடும். பத்து நாள், அவ்வளவுதான். ஆனால் அந்த அழுகை அவளுக்குத் தெரிந்த அழுகை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாதென்று அவள் அழுதாளே, அதே அழுகை.

கட்டைக்குரலின் இணைப்பைத் துண்டித்தாள். "சார், நான் ஆபரேட்டர் பேசறேன்," என்றாள். "அவர் தேடறது உங்களை இல்ல, என்னை. அந்தக் கடன்காரி நான்தான். இனி அவர்கிட்ட ஒரு வார்த்தையும் பேசாதீங்க. போனை வைங்க. சட்டப்படி அவர் இப்படிப் பேசவே கூடாது."

ஹெட்போனைக் கழற்றினாள். நோட்டை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

மேனேஜர் நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். தனக்குப் பல்வலி வந்த தேதியில் சற்று நின்றார்.

"எனக்குக் காலையில அஞ்சு மணிக்கே கூப்பிடறாங்கம்மா," என்றார் கடைசியில். "அது தப்பா?"

"தப்புதான் சார். அதுக்கும் நேரம் காலம் இருக்கு."

"வேலையைவிட்டு அனுப்பிடுவேன்னுதானே என்கிட்ட சொல்லல?"

"ஆமா சார்."

"நானும் அதனாலதான் யார்கிட்டயும் சொல்லல." மூக்கைச் சிந்திக்கொண்டார். அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவள் நோட்டிலேயே, நாற்பத்திரண்டாவது வரியில், தன் பெயரைத் தானே எழுதத் தொடங்கினார்.

அவள் இறங்கி வருவதற்குள் போன் அடித்தது.

"ஏய், யாரும்மா அது நடுவுல கட் பண்ணது? மேனேஜரைக் குடு!"

"தாராளமா," என்றாள் அவள், வீட்டுக்குரலிலேயே. "நான்தான் கட் பண்ணேன். நீங்க தேடற கழுதையும் நான்தான். மேனேஜர் உங்களுக்காகத்தான் காத்துட்டு இருக்கார், கையில பேனாவோட. முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க."

மூன்று மாதத்தில் முதல் தடவையாக, அவனே போனை வைத்தான்.