வெளியே சொல்லக் கூடாது

வெல்டரின் பெண்டாட்டி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். இவள் சத்தமே போடாமல் தையல் மெஷினையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். இந்தத் தடவை திரும்பி வர மாட்டாளோ என்று அதில்தான் அவருக்குத் தோன்றியது.

"குடியை விட்டவங்க கூட்டம் ஒண்ணு நடக்குதாம்ப்பா. அங்க ஒழுங்காப் போங்க. அம்மா வர்றதை அப்புறம் பேசலாம்" என்றாள் மகள் போனில்.

"விட்டவனுக்கு எதுக்குடி கூட்டம்? உக்காந்து ஒப்பாரி வைக்கவா?"

"போனாத் தெரியும்."

இடத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. போர்டு கிடையாது. நூலகத்துக்குப் பின்பக்கம், மாடி என்று மட்டும் சொல்லியிருந்தாள். வழி கேட்டால் எதற்கு என்பான்கள். படிக்கட்டுக்குக் கீழே நின்று கைப்பிடிக் கம்பியைப் பார்ப்பது போல நடித்தார். எந்தக் கழுதை வெல்டிங் வைத்ததோ, மகா மட்டம். திட்டிக்கொண்டே மேலே வந்துவிட்டார்.

பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடத்துகிறவர் ஒரு நர்சம்மா. அவரும் ஒரு காலத்தில் குடித்து, பிறகு அதை விட்டவர்தான்.

"இங்க பேசறது இங்கயே இருக்கணும். யார் வந்தாங்க, யார் அழுதாங்கன்னு வெளிய மூச்சு விடக் கூடாது. கட்டினவங்ககிட்டகூட."

வெல்டர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். ரகசியத்தைக் காப்பாற்றிய மனுஷன் ஒருத்தனை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

அப்புறம்தான் எதிர் நாற்காலியைக் கவனித்தார். தூக்கிவாரிப் போட்டது. மதுக்கடைக் கல்லாக்காரன்! கம்பி வலைக்குள்ளிருந்து தினமும் அவருக்குப் பாட்டில் நீட்டுகிறவன்.

"வியாபாரம் படுத்துருச்சுன்னு ஆள் பிடிக்க வந்தியா?" என்று கேட்டே விட்டார்.

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "நானும் குடிச்சவன்தாண்ணே. வேற வேலை கிடைக்கல. நாள் முழுக்க அதையே தொட்டுக்கிட்டு இருக்கேன். வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைத் தேய்ச்சா, எவ்ளோ நேரம்ப்பா தேய்ப்பேன்னு என் பொண்ணு கேக்கறா."

வெல்டர் நம்பவில்லை. ஆனாலும் அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். அங்கே வாயைத் திறக்கவில்லை. குடிக்கவும் இல்லை. படுத்தால் வியர்த்துக் கொட்டியது. பட்டறையில் கை நடுங்கி, இரும்புக் கதவுகளில் வெல்டிங் கோணிக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை அம்மா வருவாள் என்று மகள் சொன்னாள். வீட்டைக் கழுவிவிட்டார். தலையணை உறையை மாற்றினார்.

ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. "அம்மாவுக்கு இன்னும் பயமா இருக்காம்ப்பா. கொஞ்ச நாள் போகட்டும்."

"சரி" என்று வைத்தார். செருப்பை மாட்டும்போதே எங்கே போகிறோம் என்று காலுக்குத் தெரிந்திருந்தது.

கடையில் நெரிசல். கல்லாக்காரன் நிமிர்ந்து, முன்பின் பார்க்காத ஆளைப் பார்ப்பது போல "என்ன வேணும்?" என்றான். அதுதானே கூட்டத்துக் கட்டுப்பாடு. வெல்டர் வழக்கமானதைச் சொல்லிப் பணத்தை வைத்தார். பாட்டில் வந்தது. கழுத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. அடிப்பக்கத்தை அவன் பிடித்திருந்தான்.

இன்னொரு தரம் இழுத்தார். அவன் விடவில்லை.

"என்னய்யா, கயிறு இழுக்கற போட்டியா?" என்றான் பின்னால் நின்றவன். "பெருசு, வாங்கினா நகரு!"

"குடுத்துத் தொலையேண்டா!" என்று கத்திக்கொண்டே கடை முதலாளி எழுந்து வந்தான்.

கல்லாக்காரனின் நகமெல்லாம் வெளுத்திருந்தது. காய்ச்சின கம்பியைக் குறட்டால் பிடிக்கிறவன்தான் அப்படிப் பிடிப்பான். நழுவினால் யார் காலில் விழும் என்று தெரிந்தவன். வெல்டர் கையை எடுத்தார்.

வெளியே வந்து நடைபாதை ஓரம் உட்கார்ந்தார். முதலாளியின் வசவு தெருவரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் கல்லாக்காரன் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தான்.

"வேலை போச்சா?"

"போச்சுண்ணே."

"பைத்தியமாடா நீ? எனக்காகவா?"

"எனக்காகண்ணே. அதை விட்டிருந்தா, கடை அடைக்கிறப்ப நானும் ஒண்ணைத் திறந்திருப்பேன்."

வெல்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். போகிறவன் வருகிறவனெல்லாம் பார்த்தான். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டிக்கே போன் போட்டார்.

"இன்னிக்குக் கடைக்குப் போனேன். குடிக்கல. ஒருத்தன் விடல."

"யாரு?"

"சொல்லக் கூடாது."

"அப்ப நான் எதை வச்சு நம்பறது?" அவள் குரல் உடைந்தது.

ஆளைச் சொன்னால் போதும். அவனையே பேசச் சொன்னால் நாளைக்கே வந்துவிடுவாள். தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் இவள் மகளிடம் சொல்வாள், மகள் தன் மாமியாரிடம் சொல்வாள், மாமியார் தெருவெல்லாம் சொல்வாள். அவன் வேலை கேட்டுப் போகிற இடத்திலெல்லாம் குடிகாரன் என்ற பேச்சு முன்னாலேயே போய் நிற்கும்.

"நம்பாட்டிப் போ. சொல்ல மாட்டேன்."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"நீங்க பொய் சொல்றப்பல்லாம் சாட்சிக்கு ஒரு ஆள் வச்சிருப்பீங்க" என்றாள் மெதுவாக. "மேஸ்திரி பிடிச்சுக்கிட்டான், பெயின்டரோட மாமனார் செத்துட்டார். பாவம், அந்த மாமனாரு எத்தனை தடவைதான் செத்தாரு." மூக்கை உறிஞ்சினாள். "ஆளில்லாம நீங்க சொல்றது இதான் முதல் தடவை."

அவர் உறை மாற்றின தலையணையை நேராக்கினார்.

"வந்துடறேன்னு சொல்லல. கூட்டம் என்னிக்கு?"

"வியாழக்கிழமை."

"தெருமுனை வரைக்கும் உங்ககூட வரேன். யார் முகத்தையும் பார்க்க மாட்டேன்."

"பார்க்காதே" என்றார் வெல்டர்.