வெற்றிலையில் கீறிய பேர்

தாணுலிங்கம் சொல்லுகிற எதையும் பூதப்பாண்டியில் யாரும் மறுப்பதில்லை, நம்புவதுமில்லை. ஆரல்வாய்மொழிக் காற்று தன்னைக் குடையோடு தூக்கிப் போய், காற்றாலை இறக்கையில் மூன்று சுற்று சுற்றவிட்டு, வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறக்கியதாகச் சொல்வார். குடை தொலைந்ததில்தான் அவருக்கு இன்னும் வருத்தம்.

ஆனால் ஒரு கதை நிசம். அதையும் மனைவி சொர்ணம்மாள் நம்பவில்லை என்பது நாற்பத்திரண்டு வருஷமாக நெஞ்சில் முள்.

நிச்சயம் முடிந்த கையோடு வந்த அம்மன் கோயில் கொடைத் திருவிழா. செல்லத்தாயின் வில்லுப்பாட்டு. கடைசியில் ஊருக்கு வாழி பாடும்போது, யாராவது பேர் கொடுத்தால் அதையும் சேர்த்துப் பாடுவாள். கட்டப்போகிறவள் பேரை வாய்விட்டுச் சொல்லத் தாணுலிங்கத்துக்கு வெட்கம். வெற்றிலையில் நகத்தால் கீறி நீட்டினார். 'சொர்ணம் வாழி' என்று செல்லத்தாய் மூன்று தடவை பாடியதாகச் சொல்வார்.

"வெத்தலையில பேரா? குடையில பறந்த ஆளுதானே நீங்க," என்பாள் சொர்ணம்மாள்.

துபாயிலிருந்து மகள் ஷிஜி, செல்லத்தாயின் புது ஆல்பத்தைப் போனுக்கு அனுப்பியிருந்தாள். சத்தம் கூடட்டும் என்று போனைச் செம்புக்குள் இறக்கி வைத்தார் தாணுலிங்கம். குரல் குடத்திலிருந்து வருவதுபோல் வந்தது. எண்பது வயதுக் கரகரப்பு. பழம்புளி மாதிரி ருசி ஏறியிருந்தது.

"இப்பமும் என்னா குரலு, கேட்டியாட்டி?"

"பேசாதீங்கோ. பாட்டு போகுதுல்லா," என்றாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே.

ஆறாவது, வாழிப் பாட்டு. நடுவில் வில்லை நிறுத்திச் செல்லத்தாய் பேசினாள்.

"பூதப்பாண்டிக் கொடையில ஒரு பய, மக்கா, வெத்தலையில நகத்தால பொண்ணு பேரைக் கீறித் தந்தான். பாடிட்டேன். தொண்டை வறண்டு கெடந்துது. அந்த வெத்தலையையே போட்டு மென்னுட்டேன். பேரு வயித்துக்குள்ள போச்சு. எந்தப் பேரா இருந்தா என்ன? அந்தப் பிள்ளை வாழி!"

கீரை உருவிய கை நின்றது.

"சொர்ணம்," என்றாள் சொர்ணம்மாள், செம்பைப் பார்த்து, கேட்டவளுக்குப் பதில் சொல்வதுபோல.

தாணுலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு கண்ணாடியில் இல்லை.

"மூணு மட்டம் பாடினாள்னுல்லா சொன்னீங்கோ?"

"ஒரு மட்டம்தான்."

"அதானே பாத்தேன்."

கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, வெற்றிலைச் செல்லப் பெட்டியிலிருந்து ஓர் இலையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"கீறுங்கோ, பாப்பம்."

அவர் நகத்தால் கீறினார். கடைசி எழுத்து காம்பின்மேல் ஏறிவிட்டது. சொர்ணம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுண்ணாம்பு தடவவில்லை. செல்லத்தின் அடியில் பத்திரமாக வைத்தாள்.

"இது திங்கதுக்கு இல்ல."

மறுநாள் டீக்கடையில் இதைப்பற்றித் தாணுலிங்கம் மூச்சுவிடவில்லை. குடை திரும்பக் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.